புகைத்தாளில் மூன்று தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது எனக்கு நடந்தது. தேதியும் மணியும் இன்னும் என் டைரியில் இருக்கின்றன. சொல்லும்போது பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வருகிறது.

1987 ஜூலை. சேர்வராயன் மலையில் பாறைப் பிளவுகள் இன்னும் அசைகின்றனவா என்று பார்க்க, கரடியூர் பக்கம் ஓர் எஸ்டேட்டின் பழைய அறையில் நிலநடுக்கக் கருவி வைத்திருந்தோம். பாறையோடு சேர்த்துக் கட்டிய மேடையில், அதிர்வை வாங்கும் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி. கம்பியின் மறுமுனையில், புகை படிந்த தாள் சுற்றிய உருளை. அதன்மேல் கோடு கீறிக்கொண்டே இருக்கும் ஊசி. பூமி அசைந்தால் ஊசியும் அசையும். நான் ஏற்காட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து, காலை 8.15-க்குத் தாளை மாற்றுவேன். கழற்றிய தாளை வார்னிஷில் நனைக்க வேண்டும். நனைக்கும்வரை விரல் பட்டாலே கரி அழிந்துவிடும்.

அதற்கு முந்திய மாதம், எருமை ஒன்று அறைச் சுவரில் முதுகு தேய்த்ததை நிலநடுக்கம் என்று ஆபீசுக்குப் போன் செய்துவிட்டேன். அன்றிலிருந்து ஆபீசில் என் பெயரே ‘எருமை’. நான் சூடு கண்ட பூனை ஆகிவிட்டேன்.

ஜூலை 15, புதன்கிழமை காலை. தாளைக் கழற்றிப் பார்த்தேன். முந்திய நாள் பகல் 2.14-க்கு ஒரு பெரிய ஆட்டம். குவாரி வெடி என்று குறித்தேன். பிறகு 2.26-க்கு... மூன்று சின்னக் கீறல்கள். இடைவெளி. மறுபடி மூன்று. இடைவெளி. மூன்று. இரவு முழுக்க அங்கங்கே அதே மாதிரி.

எருமை எண்ணித் தட்டாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆபீஸ் சிரிப்புதான் காதில் கேட்டது. கட்டை விரலால் அந்த இடங்களைத் துடைத்தேன். ‘ஊசி வழுக்கியது’ என்று எழுதி, தாளை நனைத்துவிட்டேன்.

மணி 9. அத்தாயி நனைந்தபடி வந்து நின்றாள். கிணறு வெட்டும் மாதையனின் மனைவி.

“ஏனுங்க சார், நேத்து மத்தியானம் கீழ்க்காட்டுக் கெணறு சரிஞ்சிருச்சுங்க. எங்க ஊட்டுக்காரரு உள்ளார இருக்கறாருங்க.”

நனைத்த தாளைக் காயப் போட்டேன்.

“எறும்பு ஊர்ந்தாலும் மிசினுக்குத் தெரியும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. உசுரு இருக்குதுன்னா இப்பவே எறங்கறோம்ங்கறாங்க ஊர்க்காரங்க. இல்லீன்னா மழை விடட்டும்ங்கறாங்க. ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?”

கரி படிந்த கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

“ஒண்ணும் தெரியலைங்கம்மா.”

மழை வெள்ளிக்கிழமைதான் விட்டது. மாதையனை எடுத்தார்கள். தலையில் பாறை. விழுந்த கணமே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அத்தாயியே வந்து என்னிடம் சொன்னாள். “அவஸ்தைப் படலீங்களாம் சார்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஆனால் தட்டு நிற்கவில்லை. திங்கட்கிழமை வரை இரவும் பகலும் வந்தது. அதன்பின் பகல் 2.26-க்கு மட்டும். ஒரு நிமிடம் முன்பின் இல்லை. மூன்று... மூன்று... மூன்று. நானும் தினமும் காலையில் துடைத்தேன்.

டிசம்பரில் ஒரு நாள். பகலிலேயே பனிமூட்டம், எதிரே நிற்கும் ஆள் தெரியாது. 2.20-க்கு அறைக்குள் போய்த் தாழிட்டேன். கம்பியை ஊசிப் பக்கமிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். இனி மலையே பிளந்தாலும் ஊசிக்குத் தெரியாது.

2.24. கோடு நேராக ஓடியது.

2.25.

2.26...

கிர்ர்.

கம்பி என் கையில்தான் இருந்தது.

கிர்ர்... கிர்ர்.

மூன்று.

இடைவெளி.

அடுத்த மூன்றும் ஊசியில் வரவில்லை. என் கட்டை விரலுக்குள் தட்டியது.

கம்பியை எறிந்துவிட்டு ஓடினேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை வந்து, கம்பியை மாட்டி, தாளைத் துடைத்தேன்.

1988 பிப்ரவரி 10. கிணற்றை ஆழப்படுத்த இறங்கியவர்கள், பக்கச் சுவரில் மண் மூடியிருந்த ஒரு குடைவைத் திறந்தார்கள். உள்ளே ஓர் எலும்புக்கூடு. உட்கார்ந்திருந்தது. விரல்களுக்கிடையே கடப்பாரை. எதிர்ப் பாறையில் அது இடித்து இடித்து விழுந்த குழி.

கிணறு சரிந்த அன்று காலை, வேலை தேடி பஸ்ஸில் வந்திறங்கியவன். மாதையன் அவனைத் துணைக்கு அழைத்துப் போனதை டீக்கடைக்காரர் மட்டும் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாராம். அவன் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் தாளில் தட்டு இல்லை.

உள்ளே காற்று இருந்திருக்கும், ஊற்றுத் தண்ணீரும் கசிந்திருக்கும், மிஞ்சிப் போனால் ஆறு நாள் தாங்கியிருப்பான் என்றார் அதே டாக்டர். செவ்வாயிலிருந்து திங்கள் வரை ஆறு நாள். நான் துடைத்தவை இருநூற்றுப் பதினோரு தாள்.

எலும்புகளை எடுத்துச் சென்ற அன்று அத்தாயி என் பக்கத்தில்தான் நின்றாள்.

“பாவம், யாரு பெத்த புள்ளையோ. உள்ளார ஒரு உசுரு கெடந்தது ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சுங்களே சார்.”

கட்டை விரலை மடக்கிக்கொண்டேன்.

“ஆமாங்கம்மா” என்றேன்.