ராணிக்கு வைத்த கொள்ளு

ஆரோக்கியமேரி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பல வருடம் பவுடர் மூட்டை கட்டினாள். இருமல் விடாமல் பிடித்துக்கொண்ட பிறகு அந்த வேலையைச் செய்ய முடியவில்லை. ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட குதிரைகளை வைத்துப் பராமரிக்கும் காப்பகத்தில் தீவனம் வைக்க ஆள் தேடினார்கள். போய்ச் சேர்ந்தாள். முதலில் குதிரை தலையைத் திருப்பினாலே பின்வாங்குவாள். தூசி பறக்காமல் இருக்க அங்கே காய்ந்த புல்லை நனைத்துத்தான் வைப்பார்கள். குதிரையின் நுரையீரலுக்காகச் செய்தது அவளுக்கும் ஒத்துக்கொண்டது. மெல்ல மெல்ல அந்த இடம் அவளுக்குப் பிடித்துப்போனது.

ராணி என்ற வெள்ளைக் குதிரையைக் கவரைப்பேட்டையிலிருந்து அதன் சொந்தக்காரர் வரதன் கொண்டுவந்தார். கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்வந்த குதிரை. விபத்தில் இடுப்பு உடைந்து அவர் படுக்கையில் கிடந்த மாதங்களில், பக்கத்து வீட்டார் அள்ளிப்போட்ட வைக்கோல்தான் அதற்கு ஆகாரம். வண்டியிலிருந்து இறங்கியபோது விலா எலும்பெல்லாம் தெரிந்தது.

கால்நடை மருத்துவர் அருணா கண்டிப்பாகச் சொன்னார்: காய்ந்த குதிரைமசால் தழை மட்டும், சிறிது சிறிதாக, அடிக்கடி. தானியம் கூடவே கூடாது.

மறுநாள் பார்க்க வந்த வரதனுக்கு மனசு தாங்கவில்லை.

“இன்னா மேரிம்மா, இவ்ளோண்டு புல்லுதானா? என் ஊட்ல பட்டினி கெடந்தது பத்தாதா?”

“காஞ்ச வயிறுண்ணா. ஒரேடியா போட்டா தாங்காது. கொஞ்சங் கொஞ்சமா ஏத்தலாம்.”

அவர் ராணியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியமேரி கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது ராணியின் வாயெல்லாம் வெல்லப்பாகு. காலி வாளியோடு வரதன் நின்றிருந்தார். வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அவள் பார்த்ததில்லை.

“வெல்லம் போட்டு வேக வெச்ச கொள்ளும்மா. ஒரு பருக்கை வுடல பாரு!”

அவள் உடனே அருணாவுக்குப் போன் செய்தாள்.

அன்று ராணி நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து வேர்த்தது, கால்கள் நடுங்கின, சரிந்து விழுந்தது. பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்தும் சர்க்கரையும் திடீரென ஏறினால் இரத்தத்தில் தாதுச்சத்துகள் சரிந்துபோகும், இதயம் தாங்காது. அருணா மருந்து ஏற்றிப் பார்த்தார். ஆரோக்கியமேரி தலைமாட்டில் உட்கார்ந்து ஈயை விரட்டிக்கொண்டே இருந்தாள். மூச்சு நின்ற பிறகும் அவள் கை நிற்கவில்லை.

“வரதன்கிட்ட நான் சொல்லட்டுமா?” என்றார் அருணா.

“வேணாம் மேடம். நானே சொல்றேன்.”

தகவல் கேட்டுப் பதறிவந்த வரதன் ராணியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நான் வெச்ச கொள்ளாலயா?”

இல்லை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

“ஆமாண்ணா,” என்றாள். “தாங்காதுன்னு சொன்னேன். செத்துடும்னு நான் ஒடச்சி சொல்லல. சொல்லியிருந்தா நீ வெச்சிருக்க மாட்ட.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழி வெட்ட ஆட்கள் வரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

அதன் பிறகு வரதன் காப்பகத்தின் வாசல்வரை வந்து, வேலி ஓரம் நின்று திரும்பிவிடுவார். கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். மழைக்காலத்தில் இன்னொரு நோஞ்சான் குதிரை வந்து சேர்ந்தது. அன்று ஆரோக்கியமேரி வாசலுக்கே போய் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். நனைத்த புல்லில் ஒரு பிடி எடுத்து நீட்டினாள்.

“வையிண்ணா. இவ்ளோதான்.”

அவர் வைத்தார். தின்று முடித்த குதிரை அவர் கையை முகர்ந்தது.

“இன்னும் கேக்குது மேரிம்மா.”

“கேக்கும்ணா.”

வரதன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அழுதபடி, அங்கேயே நின்றார்.