படத்தின் மேல் வைத்த பொட்டு

பள்ளிபாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நான் சூப்பர்வைசர். ஆபத்தான கேன்களில் எச்சரிக்கைப் படம் ஒட்டுவது என் பொறுப்பு. ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் பார்ப்பதற்கான காகிதம் என்றுதான் அதை நினைத்திருந்தேன்.

ஆயுதபூசையன்று இயந்திரங்களோடு கேன்களுக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தேன். ஆசிட் கேனில், சொட்டு விழுந்து கை அரிபடுகிற படம் ஒட்டியிருக்கும். பூச வாகான இடம் என்று அதன் மேலேயே தாராளமாக அப்பிவிட்டேன்.

மறுபடி வேலை தொடங்கிய காலையில், பட்டறையில் வேலை செய்யும் பாப்பாத்தி அக்கா அலறினார். எழுத்துக் கூட்டத் தெரியாத அவருக்கு அந்தப் படம்தான் அடையாளம். அது தெரியாததால், பக்கத்திலிருந்த அதே நீல நிறச் சோப்பு கேன் என்று எண்ணி, கையுறை இல்லாமல் ஊற்றியிருக்கிறார்.

அவர் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரிக்கு வண்டி வரும்வரை தண்ணீரை நிறுத்தவே இல்லை.

“சந்தேகமாத்தான் இருந்துச்சுங்க தம்பி. ஆனா நீங்க சாமி கும்புட்டு வெச்ச பொட்டு. அழிச்சுப் பாக்க மனசு வரலீங்க” என்றார். என் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, “எரிச்சல் கொறஞ்சிருச்சுங்க, அழுவாதீங்க” என்று அவரே தேற்றினார்.

புண் ஆறி வேலைக்கு வந்துவிட்டார். இப்போதெல்லாம் பூசையன்று நான் சந்தனக் கிண்ணத்தோடு வந்தால், ஆசிட் கேனின் படத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார். தழும்பேறிய அந்தக் கைக்குப் பக்கத்தில்தான் பொட்டு வைக்கிறேன்.