கடல்காரி எடுத்த ஜன்னல் அளவு

திரைக்காரம்மா பேச ஆரம்பித்தால் தையல் மெஷினே நின்று கேட்கும். ஆனால் போன் என்றால் மட்டும் அவளுக்கு ஆகாது. ஜன்னல் திரை தைக்கிற கடை, தொழிலோ சூடு பிடித்துவிட்டது, போன் ஓயவில்லை. மகன்தான் ஆள் பிடித்தான். கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே இந்தக் கடையின் போனை எடுத்து, ஆர்டரைக் குறித்து அனுப்பும் பெண். பேச்சு நம் பேச்சுதான். அம்மா அவளுக்குக் கடல்காரி என்று பேர் வைத்தாள்.

வந்தவள் தங்கமாக இருந்தாள். சண்டைக்கென்றே கூப்பிட்டவர்கூடச் சிரித்துக்கொண்டு போனை வைத்தார்.

டீச்சர் ஒருத்தி புது வீட்டு ஜன்னல்களுக்குத் திரை கேட்டாள். எப்போதும் அம்மாவோ மகனோ நேரில் போய்த்தான் அளவெடுப்பார்கள். கடல்காரியோ, அம்மாவுக்கு அலைச்சல் மிச்சமாகட்டும் என்று டீச்சரிடமே அளவைக் கேட்டுக் குறித்துவிட்டாள். மகன் போயிருப்பான் என்று அம்மா நினைத்தாள். அம்மா போயிருப்பாள் என்று மகன் நினைத்தான். துணியை வெட்டியாயிற்று, தைத்தாயிற்று.

"என்னம்மா, என் ஜன்னலுக்கெல்லாம் அரை டிராயர் தச்சிருக்கீங்க?" என்றாள் மாட்டிப் பார்த்த டீச்சர்.

அம்மா அடியில் வேறு நிறத்தில் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்துச் சமாளித்தாள். டீச்சர் முகம் தெளியவில்லை.

"அந்தப் பொண்ண நிறுத்திடலாம்மா," என்றான் மகன். "வேற ஆள் கிடைக்கும்."

"கிடைக்கும். அவளும் இதையேதான் செய்வா."

அன்று விஷயம் தெரிந்து கடல்காரியே கூப்பிட்டாள். சிரிப்பில்லாத குரல். "அக்கா, நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லிடுங்க. இத நம்பித்தான் வீடு ஓடுது."

கடையில் இருப்பவர்களுக்கு அம்மா எதையும் சொல்லித்தந்தது கிடையாது, பார்த்தே கற்றார்கள். இந்தப் பெண் எதைப் பார்த்தாள்?

"நீ இருக்கற ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"இருக்குக்கா."

"வீடியோவுல வந்து அத அளந்து காட்டு."

அவள் அளவு நாடாவைக் கண்ணாடியின் மேல் விளிம்பில் வைத்துக் கீழ் விளிம்பு வரை இழுத்தாள்.

"அங்கதாண்டி கோளாறு. திரை கண்ணாடியிலயா தொங்குது? கம்பியிலேருந்து பிடி."

"கம்பியே இல்லக்கா. பழைய போர்வைய ஆணியில மாட்டியிருக்கோம்."

"அப்ப ஆணியிலேருந்து பிடி. கீழ விடு. இன்னும் விடு. கண்ணாடியத் தாண்டிச் சுவத்துக்கு வரட்டும். ஆங், இப்ப எவ்வளவு?"

அவள் சொன்னாள். இரண்டாம் தடவையும் அளக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள் அம்மா.

"இனிமே யாராவது அளவு சொன்னா வாங்காத. நாங்க நேர்ல வருவோம்னு சொல்லு."

"அப்போ நாளைக்கு...?"

"நேரத்தோட வந்து சேரு. கடலத் தாண்டி வரணும்னு சாக்குச் சொல்லாத."