இரண்டு சட்டைக்காரனின் டிரங்குப் பெட்டி

என்னிடம் இரண்டு சட்டை, இடுப்பில் கட்ட இரண்டு சாரம், ஒரு துண்டு, ஒரு தட்டு இருந்தன. எல்லாம் ஒரு தோள்பையில் அடங்கிவிடும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கொல்லத்தில் ஓட்டலில் மாவாட்டினேன். புனலூர்ப் பக்கம் ரப்பர் வெட்டினேன். திருப்பூரில் பனியன் மூட்டை தூக்கினேன். ஓர் இடத்தில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்தால் கால் அரிக்கும். பை சிறியதாக இருந்ததால் கிளம்புவது எளிது. பட்டினியும் கிடந்திருக்கிறேன்; அதில் சொல்ல ஒன்றுமில்லை.

போன சீசனில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டிக் கழுவும் வேலை. மாடிப்படிக்குக் கீழே படுக்க இடம் கொடுத்தார்கள். அங்கே தங்கிய சென்னைப் பையன்கள் இரண்டு பேர் என் பையைப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா அண்ணே உங்க பொருள்?” என்று கேட்டார்கள்.

“இவ்வளவுதான். மனுசனுக்கு இதுக்கு மேல எதுக்கு?” என்றேன்.

அதைச் செல்போனில் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். மினிமலிசம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். குறைந்த பொருளோடு வாழ்வதாம். வசதியானவர்கள் முயன்று பழகுகிறார்களாம். எனக்கு அது தானாக வந்திருந்தது. லாட்ஜுக்கு எதிரே இருந்த டீக்கடை அண்ணாச்சி அந்த வீடியோவை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். “இவுகதான் அது. நம்ம கடைலதான் டீ குடிக்காக.” நானும் பேச ஆரம்பித்தேன். நாலு சட்டை வைத்திருப்பவனிடம் எதற்கு என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

சாரல் நாளில் குற்றாலத்தில் துணி காயாது. இரண்டு சட்டையும் ஈரமாகிவிட்டால் பஸ் ஏறித் தென்காசியில் அக்கா வீட்டுக்குப் போவேன். அத்தானின் சட்டை ஒன்றை எடுத்துத் தருவாள். என் சட்டையை இஸ்திரி போட்டே காய வைப்பாள். வீடியோவில் நான் இதைச் சொல்லவில்லை. மறைத்தேன் என்றில்லை, நினைவுக்கே வரவில்லை.

சீசன் முடிகிற சமயம் அக்கா வீடு மாறினாள். வீட்டுக்காரர் தன் மகனுக்கு வேண்டுமென்று காலி செய்யச் சொல்லிவிட்டார். கிடைத்த வீடு சிறியது. ஓர் அறையும் அடுப்படியும். சாமான் ஏற்ற நானும் போனேன். வாசலில் குட்டியானை வண்டி நின்றது.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தேன். பின்னாலேயே மூன்று சாக்கு மூட்டைகள்.

“இது யாருதுக்கா?”

பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. “கேக்கான் பாரு. உன்னுதுதாம்லே.”

திறந்தேன். புனலூர்க் கம்பளி, கொசுவலை, ரப்பர் பூட்ஸ், ஓடாத டேபிள் ஃபேன், கால் ஒடிந்தபோது எடுத்த எக்ஸ்ரே. ஒவ்வோர் ஊரை விட்டு வரும்போதும் “இங்கன கிடக்கட்டும்” என்று போட்டுவிட்டுப் போனவை. கம்பளியில் ஒரு பூச்சி இல்லை. மடிப்புக்குள் வேப்பிலை காய்ந்து கிடந்தது. வெயிலில் போட்டுப் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

பன்னிரண்டாவது படிக்கும் அக்கா மகள் வாசலில் நின்று பார்த்தாள். “ஒரு பைதான்னு வீடியோல சொன்னீயள்லா மாமா. இந்த மூட்டையெல்லாம் அந்தப் பைக்குள்ளயா இருந்துச்சு?”

“ஏட்டி, சும்மா கெட,” என்றாள் அக்கா.

வண்டிக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

புது வீட்டில் எல்லாவற்றையும் இறக்கிய பிறகுதான் அக்கா மகள் படிக்கிற மேசை வரவில்லை என்று தெரிந்தது.

“மேசை எங்கக்கா? இன்னொரு நடை போகணுமா?”

“பக்கத்து வீட்டுக்கு நேத்தே குடுத்தாச்சு. இங்கன எங்கன போட?”

சுவரோரம் ஒரு மேசைக்கு இடம் இருந்தது. அங்கேதான் என் பெட்டியும் அதன் மேல் மூட்டைகளும் இருந்தன.

“என் சாமானைத் தூக்கி எறிஞ்சிருக்கலாம்லா?”

“வீடு வாசல் இல்லாதவன். இதுவும் இல்லன்னா உனக்கு என்னலே இருக்கு?” கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. மகள் என்னைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, என் பெட்டியில் சாய்ந்து, புத்தகத்தை மடியில் விரித்தாள்.

மேசையைத் திருப்பிக் கேட்கப் பழைய தெருவுக்கு நடந்தேன். பக்கத்து வீட்டு அம்மா அதற்குள் மேசை மேல் கிரைண்டரை ஏற்றியிருந்தார். “வேணும்னா நீயே வச்சுக்கோன்னு உங்க அக்காகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். இப்பம் வந்து கேக்கியளே?” என்றார். வெறுங்கையோடு திரும்பினேன்.

அன்றே பெட்டியையும் மூட்டைகளையும் பஸ்ஸில் ஏற்றினேன். அக்கா எவ்வளவோ தடுத்தாள். கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்து, “குடும்பமே ஏறுதா அண்ணாச்சி?” என்று லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

குற்றாலத்தில் டீக்கடைக்கு முன்னால்தான் இறங்க வேண்டியிருந்தது. கடையில் நாலைந்து பேர். அண்ணாச்சி வெளியே வந்தார். “யாரு சாமானை இப்பிடிச் சுமக்கீக?”

லாட்ஜில் தங்க வந்தவர்களுடையது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

“என்னுதுதான்,” என்றேன். “எல்லாம் என்னுதுதான்.”

அவர் சிரிக்கவில்லை. டீ போடவா என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அந்த வீடியோவை அவர் யாருக்கும் காட்டி நான் பார்க்கவில்லை.

ஃபேனையும் பூட்ஸையும் பழைய இரும்புக் கடையில் போட்டேன். கம்பளியைப் போட மனம் வரவில்லை. படிக்குக் கீழே பெட்டி இருப்பதால் காலை மடக்கித்தான் படுக்கிறேன். சட்டை காயாத நாளில் ஈரத்தோடே போட்டுக்கொள்கிறேன். தென்காசிக்குப் பஸ் அடிக்கடி இருக்கிறது. அக்கா வீட்டில் சுவரோரம் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறதாம். ஒரு மேசை இல்லாமல் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க எனக்கு முகமில்லை.