மெனுவில் போட்ட கணக்கும் மணல் மிக்ஸர் ரங்கசாமியும்

1. கேட்டில் நின்றவர்

அன்று காலை ஃபவுண்டரிக்குள் நுழையும்போதே ரங்கசாமியைக் கேட்டில் பார்த்தேன். கையில் சாப்பாட்டுத் தூக்கு. வாட்ச்மேன் அவரை உள்ளே விடவில்லை.

"ஏனுங்க, உள்ள வராம இங்க நிக்கறீங்க?"

"உள்ள உட வேண்டாம்னு மேனேஜர் சொல்லிப்போட்டாருங்களாமா அம்மணி. ரிஜெக்ட் ஆனதுல எம் பேருதான் மேல நிக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுச்சாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த ஃபவுண்டரியில் கம்ப்யூட்டரில் புள்ளிவிவரம் பார்ப்பதுதான் என் வேலை. அதற்காகத்தான் எம்.எஸ்ஸி. படித்த என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். எனக்கே தெரியாமல் அது எப்போது பேசியது?

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. கோவைக்குப் பக்கத்தில் மோட்டார் பம்புகளின் வெளிக்கூடான பாடியை வார்க்கிற ஃபவுண்டரி. வார்ப்பு மணலைக் கலக்க ஷிஃப்டுக்கு ஒருவராக மூன்று பேர். மணலில் ஈரம் கூடினால் வார்ப்பில் ஓட்டை விழும், பாடி ரிஜெக்ட் ஆகும். வார்த்த ஒவ்வொரு பாடியும் தேறியதா இல்லையா, மணல் கலந்தது யார் என்று நான் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவேன்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. காலேஜில் வேலை பார்த்த தோழியிடமிருந்து இலவசப் புள்ளியியல் மென்பொருள் ஒன்றை பிளாப்பிகளில் வாங்கி வந்து போட்டிருந்தேன். அதில் இரண்டு வழி உண்டு. கட்டளைகளை வரிவரியாக டைப் செய்து ஓட்டலாம். அல்லது மெனுவைத் திறந்து மவுஸால் கிளிக் செய்துகொண்டே போகலாம். நான் டைப் செய்கிற கட்சி. மேனேஜர் கிளிக் கட்சி. முதலாளியின் அக்கா மகன்தான் மேனேஜர். "இந்தக் காலத்துல போய் டைப் அடிச்சுட்டு இருக்கறீங்களே" என்று என்னைக் கிண்டல் செய்வார்.

2. கலர் பட்டை

நேரே முதலாளி அறைக்குப் போனேன். அவர் மேஜையில் கலர் பட்டைகளோடு ஒரு தாள் கிடந்தது. மூன்று பேருக்கு மூன்று பட்டை, மேலே ரிஜெக்ட் சதவீதம். ரங்கசாமியின் சிவப்புப் பட்டை மட்டும் மற்ற இரண்டுக்கும் மேலே ஓங்கி நின்றது. மொத்தம் எத்தனை பாடி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று ஒரு எழுத்துகூட இல்லை.

"சார், இது எந்தெந்த மாசத்துக் கணக்குங்க?" என்று பக்கத்தில் நின்ற மேனேஜரைக் கேட்டேன்.

"வருஷம் பூராத்துக்கும்தாங்க. நேத்து நீங்க லீவுங்களே, மத்தியானம் நானே கிளிக் பண்ணி எடுத்தேன்."

"என்னென்ன கிளிக் பண்ணுனீங்க?"

"அதெல்லாம் யாருங்க ஞாபகம் வெச்சுக்குவாங்க?"

என் இடத்துக்குப் போய் நாலு வரி டைப் செய்து ஓட்டினேன். வருஷம் முழுவதையும் எடுத்தால் மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே சதவீதம். ரங்கசாமிக்குக் கொஞ்சம் குறைவுகூட. அச்செடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதலாளி இரண்டு தாளையும் பார்த்தார். "ஏம்மணி, கம்ப்யூட்டரு ஒண்ணு, சாப்ட்வேரு ஒண்ணு. ரெண்டு பதிலு எப்படி வரும்? அந்தாளு பாவம்னு நீ எதாச்சும் மாத்திப்போட்டியா?"

அந்தக் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. என் தாளின் மேல் நான் கொடுத்த கட்டளை ஒவ்வொன்றும் அச்சாகியிருந்தது. யார் வேண்டுமானாலும் படித்துச் சரிபார்க்கலாம். பட்டை போட்டவரிடம் காட்ட ஒன்றுமே இல்லை. ஆனால் சந்தேகம் என் மேல்!

"சாரை என் முன்னால மறுபடியும் செய்யச் சொல்லுங்க" என்றேன்.

மேனேஜர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, மென்பொருளைப் புதிதாகத் திறந்து, டக்டக்கென்று கிளிக் செய்தார். என் பதிலேதான் வந்தது. கொஞ்சமும் கூசாமல், "பாருங்க மாமா, இப்ப சரியாத்தான் வருது. நேத்து என்னமோ ஆயிருக்கும்" என்றார். அந்த 'என்னமோ'வால்தான் ஒரு மனுஷன் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கும் அவன் ரெண்டு நாள் வெளிய இருக்கட்டும். யோசிக்கலாம்" என்றார் முதலாளி.

3. டிரையர் வாரம்

மேனேஜர் நேற்று கம்ப்யூட்டரில் வேறு என்ன வேலை செய்தார் என்று விசாரித்தேன். மணல் உலர்த்தும் டிரையர் ஒரு வாரம் மக்கர் பண்ணியதற்காக, அதை விற்ற கம்பெனிக்கு, அந்த வாரத்து ரிஜெக்ட் கணக்கோடு காலையில் புகார் தயாரித்திருக்கிறார். எனக்குப் பொறி தட்டியது.

அந்த வாரம் பகல் ஷிஃப்ட் ரங்கசாமியுடையது. பகலில்தான் டிரையர் படுத்துக்கொள்ளும். அவர் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காமல் ஈர மணலிலேயே வார்க்கச் சொன்னார்கள். மெக்கானிக் வந்து சரிசெய்ததும் அடுத்த ஷிஃப்டுக்கு நன்றாக ஓடும்.

அந்த வாரத்தை மட்டும் எடு என்று ஒரு கட்டளை வரி சேர்த்து ஓட்டினேன். கலர் பட்டையின் சதவீதங்கள் புள்ளி பிசகாமல் வந்து நின்றன. நடந்தது இவ்வளவுதான். புகாருக்காக அந்த வாரத்தை மட்டும் மெனுவில் தேர்ந்தெடுத்தவர், அதை எடுத்துவிட மறந்து, மென்பொருளை மூடாமல் அடுத்த கணக்கைப் போட்டுவிட்டார். மூடித் திறந்தால் அந்தத் தேர்வு போய்விடும். அதனால்தான் என் முன்னால் செய்தபோது சரியாக வந்தது. நான் டைப் செய்திருந்தாலும் மறந்திருக்கலாம்தான். ஆனால் அந்த வரி தாளிலேயே நின்று என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

முதலாளியிடம் காட்டினேன். இரண்டு தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தவர், ரங்கசாமியைக் கூப்பிட்டுவரச் சொன்னார். அவர் வந்து வாசலோரம் நின்றார்.

மேனேஜர் முந்திக்கொண்டார். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிப்போட்டுதுங்க ரங்கசாமி. ஷிஃப்டுக்குப் போங்க."

"கம்ப்யூட்டர் ஒரு தப்பும் பண்ணலீங்க. சொன்னதத்தான் செஞ்சுது" என்றேன். முதலாளி என்னைக் கையமர்த்தினார்.

ரங்கசாமி தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "தப்புப் பண்ணுனது அதுதானுங்களா? அப்ப என்னைய நிறுத்துனாப்பல அதையும் கேட்டுக்கு வெளிய நிறுத்திப்போட்டீங்களாங்க?"

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் மிக்ஸருக்குப் போய்விட்டார். வீட்டில் அவர் சம்பளத்தை நம்பி ஐந்து பேர். எனக்குத்தான் அன்று முழுக்க ஆறவில்லை.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மெனு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழகும்போது தாராளமாகக் கிளிக் செய்யுங்கள். ஆனால் ஒருவர் பிழைப்பில் கைவைக்கிற கணக்கு என்றால், அதன் கட்டளை வரிகளும் போட்டவர் பெயரும் தாளில் இருக்க வேண்டும். 'கிளிக் பண்ணினேன், வந்தது' என்று ஒருவர் நீட்டினால், எதைக் கிளிக் பண்ணினீர்கள் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாமல் விழித்தால், அவர் யாருக்கு மருமகனாக இருந்தாலும் சரி, அந்தத் தாளை அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போடுங்கள்.