கோல்காப்பாளர் இல்லாத மூன்று வாரங்கள்

பண்டாரவளையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பெரகலையிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் எட்டிப் பார்த்துச் சொன்னார். "ஒங்க பெரிய கிளார்க் ஐயா போயிட்டாருங்க. காலையில தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கையிலேயே." நான் அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது பதுளைக்குப் போகிற பஸ், அவர் வீட்டுக்கு நேர் எதிர்த்திசை என்பது இரண்டு மைல் போன பிறகுதான் உறைத்தது.

எங்கள் பெரிய கிளார்க் சவரிமுத்து அண்ணனின் கறாரை, அவர் அடக்கத்துக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சட்டைப் பொத்தான் போடாமல் ஆபீஸ் படியேறியவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. அந்த மனிதர் ஓர் உதைபந்தாட்டப் பைத்தியம் என்று சொன்னால் நம்புவீர்களா? அவர் பந்தை உதைத்து நான் பார்த்ததே இல்லை. எல்லாம் மேசைமேல்தான். பழைய கலண்டரின் பின்புறம் மைதானம் வரைந்து, அவரும் அவர் ஆபீஸில் வேலை பார்த்த நானும் ஆளுக்குப் பதினொரு சீட்டு வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சீட்டிலும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவரின் பெயர். கீழே கால், மூச்சு, மூளை மூன்றுக்கும் அண்ணன் போட்ட புள்ளிகள். யாரை எங்கே நிறுத்துவது என்பதை மறைத்து வைத்துத் திறப்போம். பிறகு தாயக்கட்டையை உருட்டுவோம். "கட்டை விழுறது கடவுள் செயல் தம்பி. ஆளை நிறுத்துறது நம்ம செயல்" என்பார்.

அவை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு ஆட்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்த வருடங்கள். விண்ணப்பித்தவர்களுக்குக் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக ஆபீஸிலிருந்து கடிதம் வரும். தோட்டத்துத் தபால் பையை முதலில் திறப்பவர் அண்ணன். கடிதம் வந்தவனின் சீட்டு அன்றே புகையிலை டப்பாவுக்குள் போய்விடும். அது அவர் வைத்த சட்டம். பதினொன்று ஒன்பதானது, ஒன்பது எட்டானது. அப்போதுதான் அவர் தன் சொந்த உத்தியைக் கண்டுபிடித்தார். வலது பக்கத்தை அப்படியே காலியாக விட்டுவிடுவார். நான் ஆசையாக அங்கே ஆட்களைக் கொண்டுபோய்க் குவித்தால், இடது பக்கமாக வந்து கோல் போடுவார். "ஆளு இல்லாத எடத்தையும் ஒரு ஆளா நெனச்சு ஆடணும்" என்றார். தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றேன்.

ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்த யாரோ தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் முனியாண்டி கத்தியோடு அப்படியே வந்து நின்றான். "ஐயா, என் சீட்டை மட்டும் டப்பாவுல போட்டுறாதீங்க. முன்னே எழுதிப் போட்டதுதான், இப்ப என் மகளை இங்கேயே கட்டிக் குடுத்திருக்கேன்." சீட்டினால்தான் கடிதம் வருகிறது என்று நினைத்துவிட்டான். நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. பத்து நாளில் முனியாண்டிக்குக் கடிதம் வந்தது. அதன் பிறகு டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டால் நானும் எழுந்து போய் உள்ளே போகும் பெயரைப் பார்த்தேன்.

காரணம் இருந்தது. அம்மா இறந்தபின் வீட்டில் அப்பாவும் நானும்தான். இந்தியாவில் துறையூர்ப் பக்கம் இருந்த தன் கூடப்பிறந்த அண்ணனின் முகத்தைச் சாகுமுன் பார்த்துவிட வேண்டும் என்று, என்னையும் சேர்த்து அப்பா விண்ணப்பித்திருந்தார்.

அண்ணனின் அணியில் கோல்காப்பாளர் சீட்டு என் பெயரில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை அவர் ஆட்களை நிறுத்தியபோது கோல் வாசலில் யாருமில்லை. "என்னண்ணே, வாசலைத் தொறந்து போட்டிருக்கீங்க?" என்று கேலி செய்தேன். "கோலி இல்லாம ஆட முடியுமான்னு பாக்குறேன்" என்றார். ஏழு கோல் வாங்கினார். மறுநாள் எல்லோரையும் பின்னால் இழுத்தார், தோற்றார். அடுத்த வாரம் மூவரை வாசலில் குறுக்கே நிறுத்தினார், அப்போதும் தோற்றார். மூன்று வாரம் விதவிதமாக நிறுத்திப் பார்த்தார். என் சீட்டு எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

நான்காவது திங்களன்று அவர் மைதானத்தை விரிக்கவில்லை. மேசை லாச்சியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து என் முன் வைத்தார்.

"மூணு வாரமா எங்கிட்டதான் இருக்கு. ஒன்னைய அனுப்பிட்டு ஆடுறதுக்கு ஒரு வழியும் தெரியலடா தம்பி."

கண்டிக்கு வரச் சொல்லியிருந்த தேதி முந்தின வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது.

தபால் பிந்திவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். மறுபடி எழுதிப் போட்டோம். "கடுதாசி வந்துச்சா?" என்று தினமும் மாலையில் கேட்பார். இரண்டாவது கடிதம் வந்தபோது கேட்பதற்கு அப்பா இல்லை. நான் போகவில்லை.

அண்ணன் அதன் பிறகு தாயக்கட்டையைத் தொடவே இல்லை. அப்பாவின் அடக்கத்தில் தள்ளியே நின்றார். ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்குக் கேக்கோடு வந்து, போகும்போது வாசலில் நின்று கேட்பார்: "என்னைய மன்னிச்சிட்டியா தம்பி?" "அதெல்லாம் விடுங்கண்ணே" என்பேன். பெரிய மனதுக்காரன்போல.

இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன். அந்த உறையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கி முன்பின் தெரியாத ஊருக்குப் போக எனக்கு ஒரு நாளும் மனம் இருந்ததில்லை. அப்பாவிடம் அதைச் சொல்லத் துணிவில்லாமல் இருந்த எனக்காக அண்ணன் அந்தப் பாவத்தைச் செய்து தந்தார். அதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே மன்னித்துக்கொண்டிருந்தேன். அவர் போன பின் என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்: அவர் முழுதும் தன்னுடையது என்றே நினைத்துச் சுமந்த பாவத்தில் என் பாதி.