செல்வமலரின் ஞானஸ்நானப் பெயர்

செல்வமலருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எடித். பழைய இங்கிலாந்தில் அந்தப் பெயரில் ஓர் அரசன் மகள் இருந்தாள்; கன்னிமடத்திலும் பட்டு உடுத்திக்கொண்டே புனிதையானவள். அவளைப் பிடித்துப்போய் அப்பா வைத்த பெயர். டென்மார்க்கில் ஒடென்சேக்கு வந்த புதிதில், தமிழ்ச் சங்கக் கூட்டமொன்றில் தூய தமிழ்ப் பெயர்களைப் பற்றி ஒருவர் முழங்கினார். கேட்ட கையோடு செல்வமலர் எடித்தைக் கழற்றி எறிந்துவிட்டார். பழைய பெயரால் கூப்பிட்டவர்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மகள் ஜெனனிக்கு அப்படியொரு பெயர் இருந்ததே தெரியாது.

விதி லேசில் விடுமா? முதியோர் இல்லத்தில் இவர் பொறுப்பில் வந்து வாய்த்த டேனிஷ் கிழவியின் பெயர் எடித். எறிந்த பெயரைச் சொல்லித்தான் நாளெல்லாம் கஞ்சி ஊட்டவேண்டியிருந்தது. கூட வேலை செய்தவர்களுக்குத் தூய தமிழ் வாயில் நுழையவில்லை, செல்மா என்றார்கள்.

2009 மே மாதம் வன்னியில் சண்டை முடிந்தது. தம்பி யோசேப் அங்கேதான் இருந்தான். அக்காவின் பழைய பெயரை விடாதவன் அவன் ஒருவன். அவன் போன் எடுத்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கதைப்பார். இப்போது உயிரோடு இருக்கிறானா என்று சொல்ல ஒருவருமில்லை. அதே கிழமை ஜெனனிக்குப் பெண் பிறந்தது. மண்தான் போயிற்று, பேராவது தமிழில் மிஞ்சட்டும் என்று 'யாழிசை' என்ற பெயரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"பேர் முடிவாப் போச்சு அம்மா," என்றாள் ஜெனனி. "எடித்."

"அது கிழவியளின்ரை பேர்."

"அதுதான் இப்ப இஞ்சை ஃபேஷன்."

செல்வமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனம், மொழி, தியாகம் என்று சங்கத்துப் பேச்சு முழுவதையும் தொட்டிலுக்கு முன்னால் அவிழ்த்துவிட்டார். மருமகன் கஜதீபன் கோப்பி குடிக்கிற சாட்டில் நழுவினான். பெயர் அசையவில்லை. "அந்தப் பேரைச் சொல்லி நான் கூப்பிடமாட்டன்," என்றார். சொன்னபடியே 'பிள்ளை' என்றுதான் கூப்பிட்டார்.

ஜூனில் ஒருநாள் பிள்ளையை மடியில் வைத்திருந்தபோது போன் அடித்தது. ஜெனனி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எடித் அக்கா, நான் யோசேப். முகாமிலை இருக்கிறன். உயிரோடை இருக்கிறன் அக்கா."

செல்வமலர் வாய்விட்டு அழுதார். சாத்த இப்போது கதவு இல்லை. ஜெனனி தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இரவல் போன் அக்கா, கனக்கக் கதைக்கேலாது. ஜெனனிக்குப் பிள்ளை பிறந்திட்டுதோ? என்ன பேர் வைச்சிருக்கு?"

செல்வமலர் மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"என்ரை பேர்தான்ரா."